அவையில் ஒற்றைக் குரல்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

நம் இயக்கத்தார் இருவர் கூடினால் எழும் ஒரு வினா உண்டு. "நூற்றுக்கணக்கானோர் ஒருபுறம் கைதூக்கும் மன்றத்தில், கொள்கையுள்ள ஒருவர் போய் அமர்ந்து என்ன செய்துவிட முடியும்? அவர் பேசுவது காற்றோடு போகும், அவர் வாக்கு கணக்கில் ஒன்று குறையும், அவ்வளவுதானே!" என்பதே அவ்வினா. அதனைக் கேட்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். பதவிப் பித்தர்களைப் பார்த்துப் பார்த்து உளங்கசந்தவர்கள். ஆகவே அவ்வினாவுக்கு வெறும் சொல்லடுக்கால் விடை கூறுதல் முறையன்று. நடந்து முடிந்த ஒரு வரலாற்றை எடுத்து வைத்து, அதனின்று நாமே விடை காணுதல்தான் முறை. அதற்காகத் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் 1953 முதல் 1989 வரை 36 ஆண்டுகள் உறுப்பினராக விளங்கியவரும், அவற்றுள் 13 ஆண்டுகள் தம் கட்சிக்குத் தாம் ஒருவரே என நின்றவருமாகிய எலன் சுசுமன் என்னும் அம்மையாரின் அவைப்பணியை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் அந்த அவை எத்தகையது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலார் கறுப்பின மக்கள். அவர்களுக்கு அந்த அவையில் இடமில்லை. அவ்வவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையும் இல்லை. கேப் மாநிலத்தில் மட்டும் சிலருக்கு இருந்த வாக்குரிமையையும் 1936ஆம் ஆண்டில் பொதுப்பட்டியலினின்று பிரித்து, அவர்கள் சார்பில் வெள்ளையர் சிலரை மட்டும் அனுப்பலாம் என்று குறுக்கினர். 1960ஆம் ஆண்டில் அச்சிறு சார்பும் ஒழிக்கப்பட்டது. கலப்பினத்தாரின் வாக்குரிமை 1950களில் தனிப்பட்டியலுக்குத் தள்ளப்பட்டுப் பின்னர் முற்றிலும் பறிக்கப்பட்டது. 1860ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தினின்று கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம் தமிழ் மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தும், அந்த அவையில் அவர்களுக்கும் இருக்கை இல்லை. அங்கே அடிபட்டவர்களுள் நம் குருதியும் உண்டு என்பதால் இது நமக்கு முற்றிலும் அயலார் கதையன்று.

இத்தகைய அவையில், 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற தேசியக் கட்சி ஆட்சியில் அமர்ந்தது. நிறவொதுக்கல் என்னும் கொடுமை அதற்கு முன்பே பலவகையில் இருந்ததுதான். ஆயினும் அதனை ஓர் ஒழுங்கான சட்டக் கட்டடமாக எழுப்பியவர்கள் இவர்களே. யார் எந்த இனம் என்று பதிவதற்கு ஒரு சட்டம். எந்த இனத்தார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதற்கு ஒரு சட்டம். எவர் எவரை மணக்கக் கூடாது என்பதற்கு ஒரு சட்டம். கறுப்பினத்தார் நகருக்குள் நடமாட அடையாளச் சுவடி வைத்திருத்தல் வேண்டும் என்பதற்கு ஒரு சட்டம். கொடுமை அங்கே கள்ளத்தனமாக நடக்கவில்லை. அவையில் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, வாக்கெடுக்கப்பட்டு, அரசிதழில் அச்சாகி நடந்தது. இதனை நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். சட்டம் என்னும் சொல்லுக்கு முன்னால் கைகட்டி நிற்கப் பழகிய மக்களைச் சட்டத்தாலேயே கொல்ல முடியும்!

எலன் அம்மையார் 1917ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், சோகன்னசுபர்க்கை அடுத்த செர்மிசுட்டன் என்னும் சுரங்க நகரில் பிறந்தவர். இவர்தம் பெற்றோர் இலித்துவேனியாவினின்று குடியேறிய யூதர்கள். விட்வாட்டர்சுராண்டுப் பல்கலைக் கழகத்தில் பொருளியல் வரலாற்று விரிவுரையாளராகப் பணியாற்றியவர். கறுப்பின மக்களின் நகர வாழ்வு பற்றி ஆராய 1940களில் அமைக்கப்பட்ட அரசு ஆய்வுக்குழு ஒன்றின் முன் வைப்பதற்காகச் சான்றுகளைத் திரட்டும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணிக்காகச் சட்டங்களையும் புள்ளிக் கணக்குகளையும் புரட்டியபோதுதான், தாம் வாழும் வசதியான தெருவுக்கு அப்பால் நடப்பது என்ன என்பது இவருக்கு முழுமையாக விளங்கியது. உணர்ச்சியால் மட்டும் அரசியலுக்கு வந்தவரல்லர் இவர். கணக்கைப் படித்து வந்தவர். அவருடைய அவைப்பணி முழுவதற்கும் இதுவே அடிப்படையாய் அமைந்தது.

1953ஆம் ஆண்டில் ஒன்றியக் கட்சியின் சார்பில் அவுட்டன் தொகுதியினின்று தேர்ந்தெடுக்கப்பட்டார். அது செல்வர்கள் வாழும் தொகுதி. ஒன்றியக் கட்சி எதிர்க்கட்சி என்று பெயர் பெற்றிருந்ததே ஒழிய, வெள்ளை வாக்காளர்க்கு அஞ்சி அரசின் பின்னாலேயே நடை போட்டது. 1959ஆம் ஆண்டில், கறுப்பின மக்களுக்கு மேலும் நிலம் வாங்குவதைக்கூட எதிர்க்கும் நிலைக்கு அது இறங்கியபோது, எலன் அம்மையாரும் வேறு சிலரும் வெளியேறி முற்போக்குக் கட்சியைத் தொடங்கினர். 1960ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் சார்ப்புவில்லில், அடையாளச் சுவடிச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 69 பேர் மாண்டனர். ஆப்பிரிக்கத் தேசியப் பேராயமும் அனைத்து ஆப்பிரிக்கப் பேராயமும் தடை செய்யப்பட்டன. அச்சத்தால் உறைந்த வெள்ளை வாக்காளர்கள் 1961ஆம் ஆண்டு அக்டோபர்த் தேர்தலில் முற்போக்குக் கட்சியினரை ஒருவர் விடாமல் வீழ்த்தினர். எலன் அம்மையார் மட்டும் 564 வாக்கு மிகுதியால் தப்பினார்.

தோழர்களே! அந்த 564 வாக்குகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கறுப்பின மக்களின் சார்பாளர்கள் முந்திய ஆண்டிலேயே அவையினின்று அகற்றப்பட்டுவிட்டனர். அம்மக்களின் இயக்கங்களோ தடை செய்யப்பட்டுவிட்டன. தலைவர்கள் சிறையிலும் மறைவிலும் அயல்நாட்டிலும் இருந்தனர். ஏறத்தாழ 160 பேர் அமர்ந்திருந்த அவையில், நிறவொதுக்கலைக் கொள்கை அளவிலேயே எதிர்க்கும் கட்சியின் குரலாக எஞ்சியது ஒரே ஒரு பெண்மணி. அந்த 564 பேர் வீட்டிலேயே இருந்திருந்தால் அக்குரலும் இருந்திராது.

அந்த ஒற்றைக் குரல் என்ன செய்தது? மூன்று படைக்கலன்களை அது கையாண்டது. ஒன்று, வாக்கு, இரண்டு, வினா, மூன்று, நேரிற் சென்று காணல்.

வாக்கைப் பற்றி முதலில் கூறுவேன். 1963ஆம் ஆண்டில், முறையமைச்சராயிருந்த வோர்சுட்டர் பொதுச்சட்டத் திருத்த வரைவு ஒன்றைக் கொணர்ந்தார். அதன்படி, ஐயத்திற்குரியவர் என்று காவல் அதிகாரி கருதும் எவரையும் பிடியாணை இன்றிப் பிடித்து, வழக்குமன்றத்தின் முன் நிறுத்தாமல், வழக்கறிஞரைப் பார்க்கவிடாமல், 90 நாள்கள் தனிமையில் அடைத்து வைத்து வினவலாம். 90 நாள்கள் முடிந்ததும் மீண்டும் பிடித்து மீண்டும் 90 நாள்கள் அடைக்கலாம். எதிர்க்கட்சி எனப்பட்ட ஒன்றியக் கட்சி அதன் இரண்டாம் படிப்பில் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. எதிர்த்து வாக்களித்தவர் எலன் அம்மையார் ஒருவரே. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களிலேயே, அச்சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்ட இலுக்குசுமார்ட்டு நுகூட்லே என்பவர் காவலில் இறந்தார். அவருக்குப் பின் அவ்வாறு இறந்தோர் வரிசை நீண்டுகொண்டே சென்றது.

அதே 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. தண்டனைக் காலத்தை முழுவதும் கழித்துவிட்ட ஒருவரையும் விடுவிக்காமல், அமைச்சர் விரும்பும்வரை வைத்திருக்கலாம் என்பது அப்பிரிவு. அது ஒரே ஒரு மாந்தரைக் குறிவைத்தே எழுதப்பட்டது. அவர் அனைத்து ஆப்பிரிக்கப் பேராயத்தின் தலைவர் இராபர்ட்டு சொபுக்குவே. மூன்றாண்டுத் தண்டனை முடிந்து வெளிவர வேண்டிய அவரை இராபன் தீவில் மேலும் ஆறு ஆண்டுகள் தனியே அடைத்து வைத்தனர். அப்பிரிவை ஆண்டுதோறும் அவை புதுப்பித்தல் வேண்டும். ஆண்டுதோறும் எலன் அம்மையார் எழுந்து அவரை விடுவிக்கக் கோரிப் பேசினார். ஆண்டுதோறும் தோற்றார். அடுத்த ஆண்டு மீண்டும் எழுந்தார்.

1967ஆம் ஆண்டில் வந்த வன்கொடுஞ்செயல் தடைச் சட்டமோ இவை அனைத்தையும் விஞ்சியது. 90 நாள் என்ற எல்லையும் அதில் இல்லை. காலவரம்பின்றி அடைத்து வைக்கலாம். அதுமட்டுமன்று, சட்டம் பிறப்பதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1962ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாளிலிருந்தே அது நடப்பில் இருந்ததாகக் கொள்ளப்படும் என்றும் எழுதினர்! செய்யும்போது அச்சட்டப்படி குற்றமாகாத செயலுக்குப் பின்னாளில் சட்டம் எழுதித் தூக்கிலிடவும் வழி செய்தனர். அதற்கும் எதிராக நின்றவர் எலன் அம்மையார் ஒருவரே.

"நின்று என்ன பயன்? சட்டம் நிறைவேறிவிட்டதே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நிறைவேறிற்று. ஆயின் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு வாக்கும் இல்லாதிருந்தால், அவையின் பதிவேட்டில் "அனைவரும் ஒருமனதாக" என்று எழுதப்பட்டிருக்கும். கொடுமை செய்பவனுக்கு அந்தச் சொல்லைப் போல இனிப்பது வேறொன்றும் இல்லை. "ஒருவரும் மறுக்கவில்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பின்னாளில் கூறித் தப்புவதற்கு அதுவே கேடயம். ஒருவர் எழுந்து, "இது தவறு, இன்ன கரணியத்தால் தவறு" என்று கூறிவிட்டால், அதன்பின் கைதூக்கிய ஒவ்வொருவனும் அறிந்தே தூக்கினான் என்பது பதிவாகிவிடுகின்றது. ஒற்றை வாக்கால் சட்டத்தைத் தடுக்க இயலவில்லை. அறியாமை என்னும் பொய்யைத் தடுக்க இயன்றது.

இனி வினாவைப் பற்றிக் கூறுவேன். எலன் அம்மையாரின் உண்மையான படைக்கலன் இதுவே. அந்நாட்டில் அக்காலத்தே செய்தித்தாள்களின் நிலை என்ன? தடையாணை இடப்பட்ட ஒருவர் கூறியதை அச்சிடுதல் குற்றம். 1959ஆம் ஆண்டுச் சிறைச்சட்டப்படி, சிறைகளின் உண்மை நிலையை எழுதும் ஏடு, தான் எழுதியதை உறுதிப்படுத்திக்கொண்டே எழுதியதாகத் தானே மெய்ப்பித்தல் வேண்டும்; தவறினால் தண்டனை. ஆகவே சிறைக்குள் நடப்பது சிறைக்குள்ளேயே புதைந்தது. ஆயின் நாடாளுமன்றத்தில் பேசப்படுவதை அச்சிடும் உரிமை ஏடுகளுக்கு இருந்தது. உறுப்பினர் ஒருவர் முறைப்படி வினாத் தொடுத்தால் அமைச்சர் விடை கூறியாதல் வேண்டும். அவ்விடை அவைக் குறிப்பேட்டில் ஏறிவிடும். அதனை எந்த ஏடும் அச்சிடலாம், உலகம் படிக்கலாம். சுவர் நெடுகக் கட்டிய அரசு, இந்த ஒரு சாளரத்தை மறந்தோ, தன் மதிப்பைக் கருதியோ, அடைக்காமல் விட்டுவிட்டது. அந்தச் சாளரத்தின் பக்கத்தில் எலன் அம்மையார் தம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்!

வழக்கின்றி அடைக்கப்பட்டோர் எத்தனை பேர்? அவர்களுள் காவலில் மாண்டோர் எத்தனை பேர்? அடையாளச் சுவடி இல்லை என்று பிடிக்கப்பட்டோர் எத்தனை பேர்? வீடிழந்து வெளியேற்றப்பட்டோர் எத்தனை குடும்பங்கள்? தடையாணை பெற்றோர் எவரெவர்? இவை போன்ற வினாக்களைக் கூட்டத்தொடர்தோறும் அவர் தொடுத்துக்கொண்டே இருந்தார். வசைமொழி இல்லை; உருட்டல் மிரட்டல் இல்லை; எத்தனை, எங்கே, எப்பொழுது, எந்தச் சட்டப்படி என்பவையே அவ்வினாக்கள். நிறவொதுக்கலின் கொடுமைபற்றி ஆராய்ந்தவர்கள் கையாண்ட பல கணக்குகள், அக்கொடுமையைச் செய்த அமைச்சர்களின் வாயினின்றே இவ்வாறு பிடுங்கப்பட்டவை.

ஒரு நாள் அமைச்சர் ஒருவர் சினந்து, வெளிநாட்டார் முன் தென்னாப்பிரிக்காவை இழிவுபடுத்துவதற்காகவே நீர் இவ்வினாக்களைக் கேட்கின்றீர் என்று கூவினார். நாட்டை இழிவுபடுத்துவன என் வினாக்கள் அல்ல. உங்கள் விடைகளே என்று அம்மையார் மறுமொழி கூறினார். அவைகளின் வரலாற்றில் இதனினும் கூரிய மறுமொழி அரிது. எங்கெங்கு உண்மையைக் கேட்பவன் நாட்டின் பகைவன் என்று தூற்றப்படுகின்றானோ, அங்கெல்லாம் சொல்லத்தக்க மறுமொழி இது.

மூன்றாவது படைக்கலன், நேரிற் சென்று காணல். உறுப்பினர் என்ற நிலையில் சிறைகளுக்குள் செல்லும் வாய்ப்பினை அவர் வாதாடிப் பெற்றார். 1967ஆம் ஆண்டில் இராபன் தீவுக்குச் சென்றார். தமக்குக் குறை உண்டா என்று முதலில் இருந்தவர்களைக் கேட்டபோது, அவர்கள் கடைசிக் கொட்டடியில் இருப்பவரிடம் போகுமாறும், அவரே தங்கள் அனைவர்க்கும் பேசுபவர் என்றும் கூறினர். அவர்தாம் நெல்சன் மண்டேலா. வாணாள் தண்டனை பெற்று அங்கே அடைபட்டிருந்த அவர், உணவு, உடை, கல்லுடைப்பு ஆகியவற்றின் குறைகளோடு, காவலர் ஒருவன் தன் கையில் இட்லரின் நாசிக் கட்சிச் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்டு கொடுமை செய்வதையும் எடுத்துரைத்தார். அம்மையார் அதனை அமைச்சரிடம் கொண்டு சென்றார். அக்காவலன் தீவினின்று மாற்றப்பட்டான்.

சிறு செயல்தான். ஆயின் சிறைக்குள் இருப்பவனுக்கு அது சிறிதன்று. தன்னை உலகம் மறந்துவிட்டது என்று எண்ணவைப்பதுதான் சிறையின் முதல் நோக்கம். நீ சொன்னது வெளியே சென்றது, அதற்குப் பயனும் விளைந்தது என்று அவன் அறியும்போது, அந்நோக்கம் தோற்றுப்போகின்றது. சிறைகளை மட்டுமன்றி, மக்கள் வெளியேற்றப்பட்ட பகுதிகளையும் குடிசைப் பகுதிகளையும் அவர் சென்று கண்டார். கண்டபின்பே அவையில் பேசினார். அமைச்சர்களும் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குப் போய்ப் பார்த்தல் வேண்டும் என்றும், போகும்போது மாந்தரைப் போல நன்றாக மாறுவேடம் பூண்டு செல்லுமாறும் அவர் கூறியதாகச் சொல்வர்.

இதற்கெல்லாம் அவர் விலை கொடுக்காமல் இல்லை. யூதர் என்று இழித்தனர். அயல்நாட்டுக் கையாள் என்றனர். வசை மடல்கள் வந்தன. தலைமையமைச்சர் வெர்வூர்டு 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அவைக்குள்ளேயே ஏவலர் ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டபோது, பின்னாளில் தலைமையமைச்சராகிய பி. டபிள்யூ. போத்தா, அம்மையாரை நோக்கி விரல் நீட்டி, உங்களைப் போன்றவர்களே இதனைச் செய்தீர்கள் என்று கூவினார். அம்மையார் விடவில்லை, அவைத்தலைவரிடம் முறையிட்டுப் போத்தாவை வருத்தம் கூற வைத்தார். 1974ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சியினர் வேறு சிலரும் வென்று அவைக்கு வந்தபோதுதான் அவருடைய 13 ஆண்டுத் தனிமை நீங்கிற்று. அதன்பின்னும் அவர் ஓயவில்லை. 1989ஆம் ஆண்டில் அவையை விட்டு விலகும் தறுவாயிலும், கறுப்பினத் தொழிலாளி ஒருவரை அடித்துக் கொன்ற வெள்ளைப் பண்ணையாளர்க்கு மிக எளிய தண்டனை வழங்கிய நடுவர் ஒருவரைக் கண்டிக்கும் தீர்மானத்தைக் கொணர்ந்தார்.

தோழர்களே! மொழிக்காக நிற்கும் நாம் இவ்வரலாற்றில் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த அவையில் ஒலித்த மொழிகள் இரண்டே, ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்சும். எவருடைய தலையெழுத்து அங்கே எழுதப்பட்டதோ அந்தச் சூலு, கோசா, சோத்தோ மக்களின் மொழிகள் அங்கே ஒலிக்கவில்லை. எலன் அம்மையாரும் ஆங்கிலத்தில்தான் பேசினார். இதில் ஆப்பிரிக்கான்சின் கதையைக் கேளுங்கள். 1899 முதல் 1902 வரை நடந்த போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற ஆப்பிரிக்கானர், தம் பிள்ளைகள்மீது ஆங்கிலம் திணிக்கப்பட்டதை எதிர்த்துப் போராடியவர்கள். சமையற்கட்டு மொழி என்று இகழப்பட்ட தம் தாய்மொழிக்கு இலக்கணமும் இலக்கியமும் கண்டு, 1925ஆம் ஆண்டில் அதனை ஆட்சிமொழி ஆக்கியவர்கள். அதுவரை அது போற்றத்தக்க போராட்டமே.

ஆயின் ஆட்சி கைக்கு வந்தபின் அவர்கள் செய்தது என்ன? 1974ஆம் ஆண்டில், கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் பாடங்களுள் பாதியை ஆப்பிரிக்கான்சு வழியே கற்பிக்க ஆணையிட்டனர். தம் பிள்ளைகள் பட்ட துன்பத்தை அடுத்தவன் பிள்ளைமேல் சுமத்தினர். 1976ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள், அத்திணிப்பை எதிர்த்துச் சொவெட்டோவில் மாணவர்கள் ஊர்வலம் சென்றனர், காவல்துறை சுட்டது. பன்னிரண்டு அகவைச் சிறுவன் எக்டர் பீட்டர்சன் உள்ளிட்ட பிள்ளைகள் மாண்டனர். தாய்மொழிப் பற்று என்பது தன் மொழிக்கு உரிமை கேட்பது. பிறன் மொழியின் கழுத்தை நெரிப்பது அன்று. அந்த எல்லையைக் கடந்த நாளிலேயே, ஆப்பிரிக்கானரின் மொழிப்போர் தன் அறத்தை இழந்தது. மொழித்திணிப்பை எதிர்க்கும் எவரும் இப்பாடத்தை மறத்தல் ஆகாது.

எலன் அம்மையாரிடம் குறை இல்லையா என்றால், உண்டு. அதனையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். வெள்ளையர் வாக்கால் மட்டும் அமைந்த அவையில் அமர்ந்ததன் வாயிலாக, அதற்கு ஒரு மக்களாட்சிப் பூச்சு கிடைக்கச் செய்தார் என்று விடுதலை இயக்கத்தார் பலர் குறைகூறினர். அவருடைய கட்சி, கல்வியும் சொத்தும் உடையவர்க்கே வாக்குரிமை என்னும் கொள்கையை 1978ஆம் ஆண்டு வரை விடவில்லை. தென்னாப்பிரிக்காமீது பிற நாடுகள் பொருளாதாரத் தடை விதிப்பதை அவர் எதிர்த்தார். அது முதலில் ஏழைக் கறுப்பின மக்களின் வயிற்றில் அடிக்கும் என்றார். அடிபடுகின்ற மக்களோ, அந்த அடியையும் பொறுப்போம், தடை வேண்டும் என்றனர். இதில் அம்மக்களின் சொல்லே எடையுள்ளது என்பது என் கருத்து. நோயாளிக்காக வாதாடும் நல்லவர், நோயாளியைக் கேளாமலே மருந்தைத் தீர்மானித்துவிடும் பிழை இது.

விடுதலையை வாங்கித் தந்தவரும் அவர் அல்லர். அதனை வாங்கியவர்கள் சார்ப்புவில்லில் மாண்டவர்கள், சொவெட்டோவில் எழுந்த பிள்ளைகள், தொழிற்சங்கத்தார், சிறையில் வாடியவர்கள், அயல்நாட்டில் அலைந்தவர்கள். அடையாளச் சுவடிச் சட்டம் 1986ஆம் ஆண்டில் நீக்கப்பட்டதும், 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் மண்டேலா 27 ஆண்டுச் சிறையினின்று வெளிவந்ததும், 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் அனைத்து மக்களும் முதன்முறையாக வாக்களித்ததும் தெருவில் எழுந்த மக்களின் வலிமையால் நிகழ்ந்தவை. அவைக்குள் இருந்த ஒற்றைக் குரல் மட்டும் இருந்திருந்தால் நூறாண்டு ஆகியும் அக்கதவு திறந்திராது.

ஆயினும், விடுதலை பெற்ற அம்மக்கள் அந்தக் குரலை மறக்கவில்லை. 1996ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள், புதிய அரசமைப்புச் சட்டத்தில் மண்டேலா கையெழுத்திட்டபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் சார்ப்புவில். அப்பொழுது அவர் அருகில் இருந்தவர்களுள் எலன் சுசுமன் அம்மையாரும் ஒருவர். அச்சட்டம் 11 மொழிகளை ஆட்சிமொழிகள் ஆக்கிற்று. சூலுவும் கோசாவும் சோத்தோவும், அவற்றைத் திணிப்பால் ஒடுக்கிய ஆப்பிரிக்கான்சும், ஆங்கிலமும் ஒரே வரிசையில் அமர்ந்தன. 2023ஆம் ஆண்டில் செவிப்புலன் இழந்தோரின் சைகைமொழியும் 12ஆவதாகச் சேர்ந்தது. ஆண்டவன் மொழியையும் அழிக்காமல், ஆளப்பட்டவன் மொழியை உயர்த்திய அறம் அது. அம்மையாரோ அதன்பின்னும் வாய்மூடி இருக்கவில்லை. புதிய ஆட்சியார் தவறியபோது அவர்களையும் கடிந்தே பேசினார். 2009ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், 91ஆம் அகவையில் மறைந்தார்.

முடிவாக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகின்றேன். ஒற்றை உறுப்பினர் என்ன செய்ய முடியும்? விடுதலையை வாங்க முடியாது. சட்டத்தைத் தடுக்கவும் பெரும்பாலும் முடியாது. ஆனால் "ஒருமனதாக" என்ற பொய் எழுதப்படாமல் தடுக்க முடியும். மறைத்து வைத்த கணக்கை மறைத்தவன் வாயாலேயே சொல்லவைக்க முடியும். சிறையில் கிடப்பவனுக்கு, நீ மறக்கப்படவில்லை என்று காட்ட முடியும். இம்மூன்றுக்கும் வேண்டுவது பெரும்பான்மை அன்று. படிப்பும், உழைப்பும், தோற்றபின் அடுத்த ஆண்டும் எழும் நெஞ்சுரமுமே ஆகும்.

ஆகவே இளைஞர்களே, மன்றங்களைக் கண்டு மயங்கவும் வேண்டா. முற்றிலும் இகழ்ந்து ஒதுக்கவும் வேண்டா. தெருவில் மக்கள் எழாத நாட்டில் அவைக்குரல் வெறும் புலம்பல். அவையில் கேட்பார் இல்லாத நாட்டில் தெருவில் சிந்திய குருதிக்குக் கணக்கில்லை. உங்களிடம் வாக்குக் கேட்டு வருபவன், எத்தனை முறை கைதட்டல் பெற்றான் என்று பாராதீர்கள். எத்தனை வினாக் கேட்டான், எத்தனை விடையைப் பிடுங்கிப் பதிவில் ஏற்றினான், தனித்து நிற்க நேர்ந்த நாளில் நின்றானா, ஓடினானா என்று பாருங்கள். அவ்வாறு நிற்கத்தக்கவர்களாக உங்களையும் ஆக்கிக்கொள்ளுங்கள். சட்டங்களைப் படியுங்கள், கணக்குகளைப் படியுங்கள், நேரிற் சென்று காணுங்கள், கண்டதை மட்டும் கூறுங்கள், கூறியதினின்று பின்வாங்காதீர்கள்.

 வாழ்க தமிழ்! ஓங்குக மாந்த உரிமை!